போர்டு எழுதுகிறவன் சித்திரக் கல்லூரிக்கு விண்ணப்பித்த கதை

போர்டு எழுதுகிற தொழிலில் ஒரு வசதி உண்டு: நாள் முழுவதும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம், ஏனென்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஒரு வசதியீனமும் உண்டு. அதுவும் இதுதான்.

ஐம்பதுகளின் நடுப்பகுதியில் கல்முனைக் கடைத்தெருவில், ஒரு தையற்கடையின் பின்னறையில் நான் இருந்தேன். கடைப் போர்டு, தோணியின் பெயர், பஸ்ஸின் பக்கவாட்டு எழுத்து, எது கிடைத்தாலும் எழுதுவேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. உம்மாவும் வாப்பாவும் மவுத்தாகிக் கண்மூடியபிறகு நிந்தவூர் வீட்டில் எனக்கு மூத்த ராத்தாவும் அவ மாப்பிள்ளை மச்சானும் குடியிருந்தார்கள். ஆம்பிளைக்கு வீடு என்பது கலியாணம் முடித்துப் போகிற இடத்தில்தான். அதுவரைக்கும் அவன் எங்கேயாவது இருந்துகொள்ள வேண்டும். நான் பெயின்ட் டின்களோடு இருந்துகொண்டேன்.

அந்தக் காலத்தில்தான் கொழும்பில் சித்திரமும் விளம்பரக் கலையும் படிக்க அரசாங்கம் கொடுத்த உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பம் போட்டேன். ஏதாவதொன்றுக்கு விண்ணப்பம் எழுதி அனுப்பிவிட்டு, தபால்காரருடைய சைக்கிள் மணிக்குக் காது கொடுத்துக்கொண்டு இருந்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். இதெல்லாம் உங்களுக்குத்தான்.

முடி வந்தது

எல்லாம் ஒரு சலூன் போர்டில் தொடங்கியது. கடைத்தெருவில் புதிதாக சலூன் திறந்தவர் ஒரு தமிழர், மட்டக்களப்புப் பக்கத்து ஆள். கடையின் பெயருக்குப் பக்கத்தில் அழகான ஒரு வாலிபனின் முகம் வேண்டும் என்றார். அதுவரைக்கும் நான் முகப்படம் கீறியதில்லை. எழுத்து, பூக்கொடி, கூடிப்போனால் ஒரு தேயிலைக் கோப்பை. ஆனாலும் முடியாது என்று சொல்ல மனம் வரவில்லை. "ஓம்" என்று சொல்லிவிட்டேன்.

தலைமுடியில் இருந்து தொடங்கினேன். ஒவ்வொரு மயிரும் எண்ணெய் வைத்து வாரியது போல வந்தது. அங்கே நிறுத்தியிருக்கலாம். கண் வைத்தேன், மூக்கு வைத்தேன், வாய் வைத்தேன். எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. ஆனால் மூன்றும் ஒன்றையொன்று அறியாத மூன்று பேர் மாதிரி இருந்தன. அழித்தேன், வைத்தேன், திரும்பவும் அழித்தேன். கடைசியில் சலூன்காரர் வெளியே வந்து, நடுத்தெருவரைக்கும் பின்னால் போய் நின்று, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு மறந்திருப்பேன். ஆறுதல் சொல்லுகிற குரலில் சொன்னார்:

"முடி நல்லா வந்திருக்கு தம்பி. ஆள்தான் இன்னும் வரல்ல."

அசையாத சீவியம்

அந்த வார்த்தை என்னை விடவில்லை. ஆளை வரவழைக்க எங்கே படிப்பது என்று எனக்குத் தெரிந்த ஒரேயொரு படித்த மனிதரிடம் கேட்டேன். அவர் தபாற் கந்தோரில் வேலை செய்த யாழ்ப்பாணத்துக் கிளாக்கர். மனைவி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு, கல்முனையில் ஓர் அறை எடுத்துத் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். பின்னேரங்களில் என் அறைக்கு வருவார். நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு இருப்பார், போவார். பெரிதாக ஒன்றும் கதைப்பதில்லை. அவர்தான் கொழும்புக்கு எழுதிக்கேட்டு, விண்ணப்பப் படிவத்தை வரவழைத்துத் தந்தார்.

படிவம் முழுவதும் இங்கிலீசு. அவர் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். தூரத்துக் காட்சியொன்று. மரமோ செடியோ ஒன்று. ஆளைப் பார்த்துக் கீறிய படம் சில. அதற்குப் பிறகு அவர் நின்றுவிட்டார். "ஸ்டில் லைஃப்" என்று இரண்டு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தார். மேசையில் பழம், பாத்திரம் மாதிரிச் சாமான்களை வைத்துக் கீறுவது என்று பின்னால்தான் எங்களுக்குத் தெரிய வந்தது. அப்போது தெரியாது. அவர் சொல்லுக்குச் சொல் மாற்றினார்: "அசையாத சீவியம்."

எதைக் கீறச் சொல்லுகிறார்கள் என்று நான் கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, என் அறையைச் சுற்றிப் பார்த்தார். டின்கள், ஒரு பாய், ஒரு விளக்கு. பிறகு பகிடியா உண்மையா என்று தெரியாத முகத்தோடு சொன்னார்:

"அசையாத சீவியம் எண்டால் அது நீயும் நானும்தான். வேற சாமான் தேடாதை."

கழுத்துக்குக் கீழே

காட்சியும் மரமும் கீறுவது இலேசு. ஆள் கீறுவதுதான் வில்லங்கம். எங்கள் ஊர்களில் உருவம் கீறக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்க யார் வருவார்கள்? அது மார்க்கத்தில் கூடாத ஹறாம் என்று சிலர் நேரே சொன்னார்கள். சிலர் சிரித்துவிட்டுப் போனார்கள். நான் கேட்பேன் என்று பயந்து, எதிர்ப்பக்கத்தால் நடக்கத் தொடங்கியவர்களும் உண்டு. ஏற்கெனவே பேச்சுத்துணை குறைந்த எனக்கு, பென்சில் எடுத்தபிறகு சலாம் சொல்லுகிறவர்களும் குறைந்தார்கள்.

முன்கடைத் தையற்காரர் நல்ல மனிதர். என்னுடைய கஷ்டத்தைப் பார்த்துவிட்டு, மத்தியான லுஹர் தொழுகைக்குப் பிறகு கொஞ்ச நேரம் இருக்கிறேன் என்றார். சொன்னபடி வந்து, மெஷினுக்கு முன்னால் இருந்தார். நான் தாளை விரித்துப் பென்சிலைச் சீவினேன். முதல் கோடு போடுகிறதற்கு முன்னாலேயே அவருடைய நெற்றியில் வேர்வை. எழும்பிவிட்டார். என்னைத் தனியே விட்டுப்போகவும் அவருக்கு மனமில்லை. வாசலில் நின்று யோசித்து ஒரு வழி சொன்னார்:

"கழுத்துக்குக் கீழ வேணுமெண்டாக் கீறு தம்பி. அளவெல்லாம் நானே சொல்லித் தாறன்."

சாய்ந்தமருதுக் கடற்கரையில்

அதற்குப் பிறகு, கேட்டுக் கீறுவதை விட்டுவிட்டேன். கேளாமல் கீறத் தொடங்கினேன். சந்தையில் குந்தியிருக்கிறவர்களை, பஸ்ஸுக்கு நிற்கிறவர்களை, வயலுக்குப் போகிறவர்களை, எல்லாரையும் பின்னால் இருந்து கீறினேன். முகம் வேண்டுமே என்று ஒரு நாள் சாய்ந்தமருதுக் கடற்கரைக்குப் போனேன். கரைவலை இழுத்துக் களைத்தவர்கள் மத்தியான நேரம் தோணி நிழலில் படுத்திருப்பார்கள். நித்திரை கொள்ளுகிறவர் எழும்பி ஓடமாட்டார் அல்லவா?

ஒருவர் மல்லாந்து படுத்திருந்தார். ஆதம் காக்கா என்று பிறகு பெயர் அறிந்தேன். நரைத்த தாடி, உப்புக் காய்ந்த கன்னம், கொஞ்சம் திறந்த வாய். மணலில் இருந்து கீறினேன். அன்றைக்கு என்ன நடந்ததென்று எனக்கே தெரியாது. கண்மூடின அந்த முகத்தில் கண்ணும் மூக்கும் வாயும் ஒரே ஆளுக்குச் சொந்தமாக வந்தன. சந்தோஷத்தில் நேரம் போனது தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவர் விழித்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடி விழும் என்றுதான் நினைத்தேன். அவர் கையை நீட்டினார், தாளைக் கொடுத்தேன். வெயிலுக்கு மறைத்துப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "இது நானில்ல தம்பி" என்றார். "மவுத்தாப் போன எங்கட வாப்பா. இப்படித்தான் படுத்துக் கிடந்தாரு." அவருடைய வாப்பா கடலுக்குப் போய்த் திரும்பி, கரையிலேயே படுத்து, அப்படியே போனவராம். அந்த முகம் தனக்கு மறந்துபோய்விட்டதென்று எண்ணியிருந்தாராம். வேண்டுமென்றால் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். அவர் தாளின் ஓரத்தில் ஒட்டிய மணலைத் தட்டி, மடிக்காமல் திருப்பித் தந்தார்.

"வீட்ட கொண்டு போனா உம்மா அழுவா. நீங்களே கொழும்புக்கு அனுப்பிருங்க."

எந்த ஊர் ஆள்

படங்கள் முடிந்தன. இனி ஊர்த் தலைமைக்காரரான விதானையாரிடம் நற்சாட்சிப் பத்திரம் வாங்க வேண்டும், இன்னார் இந்த ஊரவர், நல்லொழுக்கமுள்ளவர் என்று. நல்லொழுக்கத்தில் எனக்குப் பயமில்லை. கெட்டுப்போவதற்குக்கூட நாலு பேர் சிநேகம் வேண்டும். பிரச்சினை ஊரில் வந்தது.

கல்முனையில் கேட்டால், "நீ இஞ்ச தொழில் செய்யிறாய், வீடு நிந்தவூரில. அங்க போ" என்றார்கள். பஸ் ஏறி நிந்தவூருக்குப் போனேன். அங்கேயிருந்த விதானையாரோ, "அது உன்ட ராத்தாட வீடு. நீ படுக்கிற கல்முனையில. அங்க கேளு" என்றார். திரும்பவும் கல்முனை. அங்கேயிருந்தவர் அன்போடு தோளில் கைவைத்து, நான் எந்த ஊரென்று முதலில் தீரட்டும், நல்லவன் என்று அந்த நிமிடமே எழுதித் தருகிறேன் என்றார். சிரிப்பு வந்தது. ஆனால் திரும்பவும் நிந்தவூருக்குப் பஸ் ஏறி, இரண்டு பக்கமும் வயலைப் பார்த்துக்கொண்டு இருந்தபோது, சிரிப்பு நின்றுவிட்டது. கேள்வி சரிதானே? நான் எந்த ஊர்?

இரண்டாம் முறையாக நிந்தவூருக்குப் போனபோது விதானையார் வாசல் படலையடியில் நின்றார். என்னைக் கண்டதும் தலையை ஆட்டினார். நான் நகராமல் நின்றேன். அவர் என்னுடைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், வாப்பாவின் பெயரைக் கேட்டார். சொன்னேன். உள்ளே போய்ப் பேனையை எடுத்துக்கொண்டு வந்தார்.

"வாப்பா அடங்கியிருக்கிறது எங்கட மையவாடி மண்ணிலதானே. அப்ப நீ எங்கட ஊர் ஆள்தான், கொண்டா."

மருதமுனைச் சம்பந்தம்

விண்ணப்பம் போய், நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்த நேரம் பார்த்து, ராத்தா எனக்கொரு கலியாணம் பேசினா. மருதமுனையில் தறிகள் வைத்திருக்கிற குடும்பம். வீடு கட்டி முடிந்திருந்தது. கிணறும் வளவும் உண்டு. பெண்ணைப் பற்றி நல்லதைத் தவிர ஒருவரும் சொல்லவில்லை. பெண்ணின் வாப்பா நிந்தவூருக்கு வந்து, ராத்தா வீட்டு மண்டபத்தில் என்னோடு இருந்து தேத்தண்ணி குடித்தார். மென்மையாகக் கதைக்கிற மனிதர். நான் எழுதிய போர்டுகளைப் பற்றி நல்லபடி சொன்னார். எனக்கும் அவரைப் பிடித்துவிட்டது. ஒரு வீட்டுக்குள் விளக்கு ஏற்றிவைத்து எனக்காக ஒருவர் காத்திருப்பதை அந்த ஒரு கோப்பை தேத்தண்ணி முடிவதற்குள் நான் முழுவதுமாக நினைத்துப் பார்த்துவிட்டேன்.

பிறகு அவர் கொழும்பு விஷயத்தைக் கேட்டார். மறைக்கத் தோன்றவில்லை. "படிச்சு வந்து என்னத்தக் கீறுவீங்க?" என்றார். "ஆக்களை" என்றேன். அவர் கோப்பையைப் பீரிசுத் தட்டில் சத்தமில்லாமல் வைத்தார். "எங்கட தறியிலயும் கோடு போடுறம், கட்டம் போடுறம், பூவும் போடுறம்" என்றார். "கண்ணும் மூக்கும் போடுறல்ல, தம்பி. நீங்களும் அத விட்டுடுங்களன்." கட்டளையாக அல்ல, கேட்டுக்கொள்ளுகிற மாதிரித்தான் சொன்னார். ஓம் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே நாள் குறித்திருப்பார்கள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, ஏலாது என்று சொன்னேன். அவர் சலாம் சொல்லி எழும்பினார். மச்சான் அவரை வழியனுப்பப் போனார். திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து ராத்தா வந்தா. கண் சிவந்திருந்தது.

"வீடு தாறம் எண்டு வந்த ஆக்கள் போறாங்க. இனி நீ என்னோட கதைக்க வேணாம்."

கொழும்பில் கேட்ட கேள்வி

மட்டக்களப்பில் ரயில் ஏறிக் கொழும்புக்குப் போனேன். கல்லூரி மண்டபம் நிறையப் பிள்ளைகள். பலர் வாப்பா உம்மாவோடு வந்திருந்தார்கள். பெட்டி பெட்டியாக வர்ணம், விதம் விதமான தூரிகை. காலையில் ஒரு விளம்பரப் படம் செய்யச் சொன்னார்கள், குடிநீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று. எழுத்து எனக்குக் கைவந்தது. அளவுகோல் இல்லாமல் எழுதினேன். பக்கத்தில் இருந்த பையன் தன்னுடையதை நிறுத்திவிட்டு, என்னுடையதையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு என்னோடு சிரித்த ஒரேயொரு ஆள் அவன்தான். அவனுடைய பாஷை எனக்குத் தெரியாது.

பின்னேரம் மூன்று பரீட்சகர்கள் என்னுடைய படங்களை மேசையில் பரப்பினார்கள். நடுவில் இருந்தவர் வயதானவர், இங்கிலீசில் கேட்டார். வலது பக்கத்தில் இருந்த தமிழர் எனக்குச் சொன்னார்: "உம்முடைய படத்தில எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டு நிக்கினம். முகம் தெரியிற ஒரே ஆள் நித்திரை. ஏன் எண்டு கேக்கிறார்." நான் உள்ளதைச் சொன்னேன். கீறுகிறேன் என்று தெரிந்தால் எங்கள் ஆட்கள் திரும்பிக்கொள்ளுவார்கள், அதனால் தெரியாமல் கீறினேன் என்று. அவர் மொழிபெயர்த்தார். நடுவில் இருந்தவர் ஆதம் காக்காவின் படத்தைத் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திரும்பவும் மேசையில் வைத்தார். போகலாம் என்று கை காட்டினார்கள். படங்களைச் சுருட்டிக்கொண்டு நான் கதவடிக்குப் போனபோது, அந்தத் தமிழர் மொழிபெயர்ப்பாக இல்லாமல் தானாகவே ஒன்று கேட்டார்.

"தம்பி, இவ்வளவு காலமும் இதெல்லாம் தனியவோ கீறினீர்?"

கிளாக்கரின் பெயர்ப்பலகை

திரும்பி வந்து காத்திருந்த நாட்களில் கிளாக்கருக்கு ஊருக்கே மாற்றம் வந்தது. அவர் எத்தனையோ வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த மாற்றம். நான் சந்தோஷப்படத்தான் வேண்டும். புறப்படுகிறதற்கு முதல் நாள் வந்து, வீட்டுக்கு ஒரு பெயர்ப்பலகை எழுதித் தரச் சொன்னார். நல்ல பலா மரத்துண்டு ஒன்று வைத்திருந்தேன். அவருடைய பெயரை என்னால் எவ்வளவு அழகாக எழுத முடியுமோ அவ்வளவு அழகாக எழுதினேன். அவரும் வழக்கம்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காய்ந்தபிறகு கடதாசியில் சுற்றிக் கொடுத்தேன். உங்களுடைய வீட்டுக்கு நீங்கள் போகிறீர்கள், பலகை எதற்கு என்று பகிடியாகக் கேட்டேன். அவர் பொதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சொன்னார்:

"இதை மாட்டினால்தான் என்ரை பிள்ளையளுக்கு நான் ஆரெண்டு தெரியும்."

சைக்கிள் மணி அடித்தது

பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு பேக்கரி திறக்க இருந்தார்கள். நான் ஏணியில் நின்று போர்டு எழுதிக்கொண்டிருந்தேன். 'பேக்' வரைக்கும் வந்திருந்தேன். தபால்காரர் என்னைத் தேடிக்கொண்டு அங்கேயே வந்தார். ஏணியில் நின்றபடியே பிரித்தேன். இந்தத் தடவை தமிழிலும் ஒரு பிரதி வைத்திருந்தார்கள். தெரிவில் எடுபட்டுவிட்டேன். படிப்புச் செலவும் விடுதிச் செலவும் அரசாங்கம் தரும்.

இறங்கினேன். யாரிடமாவது ஓட வேண்டும் என்று கால் பரபரத்தது. தபாற் கந்தோர்ப் பக்கம் இரண்டு எட்டு வைத்தேன். கிளாக்கர் அங்கே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நிந்தவூர் பஸ் நின்றது. ராத்தா கதைக்கமாட்டா. தையற்காரர் சாமான் வாங்க மட்டக்களப்புக்குப் போயிருந்தார். தபால்காரரும் சைக்கிளை மிதித்துப் போய்விட்டார். தெரு நிறைய ஆட்கள் போனார்கள், வந்தார்கள். அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கல்முனைச் சந்தியில் நான் நின்ற மாதிரி, அதற்கு முன்னும் பின்னும் தனியாக நின்றதில்லை.

கடைசியில் பேக்கரி முதலாளியிடம் திரும்பிப் போனேன். அவர் மாப்பலகையைக் கழுவிக்கொண்டிருந்தார். "முதலாளி, எனக்குக் கொழும்பில படிக்க இடம் கிடைச்சிட்டு. அரசாங்கம் செலவு தருது" என்றேன். என்னுடைய குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார், என்னைப் பார்த்தார், பிறகு போர்டை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் உண்மையான கவலை.

"அல்ஹம்துலில்லாஹ், நல்ல விஷயம்… அப்ப 'கரி'யையும் எழுதிட்டுத்தானே போவீங்க?"

எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனேன். கொழும்பில் படித்தேன், பிறகு விளம்பரப் படம் கீறுவதையே தொழிலாக வைத்துக்கொண்டேன், கண்ணும் மூக்கும் ஒழுங்காக வந்தன. அந்த வருட நோன்புப் பெருநாளுக்கு ராத்தா மச்சானிடம் சொல்லி உடுக்க எனக்கொரு சாரன் அனுப்பினா, அடுத்த பெருநாளுக்குக் கதைத்தா. ஆகவே விண்ணப்பம் போடக் காத்திருக்கிறவர்களே, கிடைக்காவிட்டால் ஆறுதல் சொல்ல ஊரே திரண்டு வரும், கிடைத்துவிட்டால் சொல்லுவதற்கு ஓர் ஆளை முன்கூட்டியே ஒழுங்கு பண்ணி வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள்.